எந்த பிரசிடெண்ட்

பிச்சாட்டூருக்குப் பக்கத்தில் ஒரு போர்டு ஸ்கூலில் நான் தமிழ்ப் பிரிவு வாத்தியாராக இருந்தேன். ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்த பிறகு எங்கள் ஊர் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லை பிரிக்க ஆள் வரும் என்றார்கள், வராது என்றார்கள். அதற்குள் ஓர் உத்தரவு மட்டும் வந்து சேர்ந்தது. கோடை விடுமுறையோடு தமிழ்ப் பிரிவு மூடப்படும். எனக்கென்ன, வேறு ஊருக்கு மாற்றல் கொடுப்பார்கள். ஏழாவது வரை தமிழில் படித்த பிள்ளை ஒரே நாளில் தெலுங்கில் எதைப் படிக்கும்?

பெற்றோர்களுக்கு நான்தான் மனு எழுதிக் கொடுத்தேன். சித்தூருக்கு வந்த மந்திரி ஒருவர் அதை வாங்கிக்கொண்டு, பார்க்கிறோம் என்பதைத் தெலுங்கில், "சூஸ்தாம்" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பி இரண்டு மாதம் ஓட்டினோம். பிறகு மந்திரிசபை கவிழ்ந்தது.

பார்லிமெண்ட் முறையில் சபையின் நம்பிக்கை போனால் மந்திரிகள் வீட்டுக்குப் போக வேண்டும், அதுதான் ஜனங்களின் பலம். அமெரிக்காவில் ஜனாதிபதியே ஆள்கிறார், குறித்த காலம் வரை யார் கத்தினாலும் அவரை அசைக்க முடியாது. வகுப்பில் இதை எவ்வளவு பெருமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மந்திரி வீட்டுக்குப் போனால் மனுவும் கூடவே போய்விடும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

இரண்டு பெற்றோர்களோடு சித்தூர் ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மாட்ட இச்சின மந்திரியே லேடு. வாக்கு குடுத்த ஆளே இல்ல. இப்ப பிரசிடெண்ட் ரூல். போங்க." சாமியே கோயிலை விட்டுப் போன பிறகு பூசாரியைக் குறை சொல்லி என்ன?

திரும்பும்போது பஸ்ஸில் அந்தப் பெற்றோர்களில் ஒருவர், வேர்க்கடலை போடுகிற விவசாயி, மற்றவரிடம் சொன்னார்: "கேட்டியா, இனிமே பிரசிடெண்ட்டு ஆட்சியாம். நம்ம ஊரு ஆளுதானே. இத்தினி நாளா எங்கெங்கியோ சுத்திக்கினு இருந்தோம்."

அவருக்குத் தெரிந்த ஒரே பிரசிடெண்ட் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட். ஒரு நிமிஷத்தில் விளக்கியிருக்கலாம். வாயைத் திறந்தேன். இரண்டு மாதத்தில் அன்றுதான் அந்த மனிதர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன். அதை இரக்கம் என்று நினைத்தேன். கோழைத்தனம் என்று இப்போது தெரிகிறது.

மறுநாள் பெற்றோர்கள் எல்லோரும் தேங்காய் பழத்தோடு பஞ்சாயத்து பிரசிடெண்ட் வீட்டுக்குப் போனார்கள். நானும் பின்னால் நின்றேன். பிரசிடெண்ட் மாலையை வாங்கிக்கொண்டு, "தமிழ் கிளாஸ் நடக்கும், போங்க" என்று மனுவின் நகலில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

அதன்பின் யாரும் எங்கும் அலையவில்லை. தேர்தல் வந்தது. ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம்கூட ஒருவரும் பள்ளிக்கூடத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிரசிடெண்டே கையெழுத்துப் போட்ட பிறகு இவர்கள் யார்?

ஜூன் மாதம் தமிழ்ப் பிரிவு இல்லை. சில பிள்ளைகள் தெலுங்கு வகுப்பில் போய் ஊமையாக உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் நின்றுவிட்டார்கள்.

எனக்குத் திருப்பதிக்கு மாற்றல் வந்தது. பஸ்ஸுக்குப் போகிற வழியில் அந்த விவசாயியின் மகள் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் முதலாவதாக வருகிற பெண். தெலுங்கு வகுப்புக்காவது போகக்கூடாதா என்று கேட்டேன்.

"நைனா வேணாம்னுட்டாரு சார்" என்றாள். பிடுங்கிய களையை வரப்பில் போட்டுவிட்டு, "அன்னிக்கே நைனாகிட்ட சொன்னேன். அது டில்லியில கீற பிரசிடெண்ட்டு, நம்ம ஊரு பிரசிடெண்ட்டு இல்லன்னு. அப்பிடி இருந்தா சாரு நம்ம கூட வருவாரான்னு கேட்டாரு. நான்தான் தப்பா படிச்சிட்டேன்னு நெனச்சுக்கினேன்" என்றாள்.

நீ சரியாகத்தான் படித்தாய் என்று அப்போதும் நான் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.