பதினொரு பேர் வேண்டிய நாடகம்

அரியரத்தினம் செவ்வாய்க்கிழமை விடியற்காலை காலமானார். அவருடைய தங்கை புவனா அன்று எட்டு மணிக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னார். ஈரலில் புற்றுநோய் என்பதையும் எட்டு மாதமாக வைத்தியம் நடந்ததையும் அப்போதுதான் அறிந்தேன். "ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்," என்றார் புவனா. கொழும்பு கொட்டாஞ்சேனை மண்டபத்தில் ஞாயிறுதோறும் அவருடன் கூடியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாம் எல்லோரும் வேறொன்றை நம்பியிருந்தோம்.

அரியமும் நானும் ஒரே பத்திரிகையில் நீண்ட காலம் வேலை செய்தோம். நான் செய்தியாளன், அவர் புரூப் பார்ப்பவர். ஓய்வுபெற்ற பின், நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பழைய நாவலை நாடகமாக எழுதி, இளைஞர்களைச் சேர்த்தார். ஒரே வீட்டில் வாழும் பதினொரு பேரின் கதை அது. "ஒருத்தரை எடுத்தாலும் அது வேற வீடு," என்பார். பதினொரு பேரையும் ஒரு தடவையாவது மேடையில் பார்த்துவிட வேண்டும் என்பது மட்டுமே அவருக்கிருந்த ஆசை.

முதல் முறை ஐந்து பேருடன் மேடையேறியது. இரண்டாம் முறை மேடையேறவே இல்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். வெள்ளவத்தையில் விசா கிடைத்தவர்கள் விமானம் ஏறும்வரை வாய் திறப்பதில்லை. கண்ணூறு பட்டுவிடும், கடைசி நேரத்தில் தடங்கல் வரும் என்று பயம். மூத்த மகனாக நடித்தவன் ஞாயிறு ஒத்திகையில் தகப்பனின் காலில் விழுந்து அழுதான். வியாழக்கிழமை டொரொன்டோவிலிருந்து பனிக்குள் நிற்கும் படம் அனுப்பினான்.

அதன் பிறகு அரியம் அடையாளம் பார்க்கப் பழகினார். ஆங்கில வகுப்பு, தடித்த ஜக்கெட், எல்லாவற்றையும் விடக் காது. விசாப் படத்துக்காகக் காது தெரிய முடி வெட்டியவரைக் கதவடியிலேயே பிடித்துவிடுவார்.

"காது தெரியுது. எந்த நாடு?"

"சும்மா வெட்டினனான் அங்கிள். வெக்கை."

"வெக்கைக்கு வெட்டினவன் எல்லாம் இப்ப குளிருக்கைதான் நிக்கிறான்."

இது மூன்றாவது முயற்சி. வீட்டுப் பெரியப்பாவாக அவரே நடித்தார். மூன்று மாதத்துக்கு முன் அந்தப் பாத்திரத்தை இன்னொருவருக்குக் கொடுத்தார். சில ஞாயிறுகள் வரவில்லை. பிறகு தொப்பியுடன் வந்தார். வெக்கை தாங்காமல் தொப்பியைக் கழற்றியபோது தலையில் ஒரு முடிகூட இல்லை.

அவருடைய மகள் வெளிநாட்டில். நான்தான் கேட்டேன்: "என்ன அரியம், ரெண்டு காதும் வடிவாத் தெரியுது. மகள் ஸ்பொன்சர் பண்ணிட்டாவோ?"

மண்டபம் சிரித்தது. "ஓம், மகளிட்டைத்தான்," என்றார் அரியம். தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். "ரெண்டாம் காட்சியை எடுங்கோ."

அடுத்த ஞாயிறு நான்கு பேர் வரவில்லை. தாயாக நடிக்கும் மாதுளா அவர் முகத்துக்கு நேரேயே கேட்டாள்: "எங்களை மறிச்சு மறிச்சுக் கேட்டிட்டு, நீங்களே போறீங்களோ அங்கிள்?" அவர் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்று இப்போது புவனாவிடம் கேட்டேன். "நோய் வருத்தம் எண்டால் பிள்ளையள் பாவம் பார்த்து வருங்கள். அப்பிடி வாற நாடகம் தனக்கு வேண்டாமாம்."

இரண்டு பேரிடமாவது விசாரிக்காமல் ஒரு செய்தியும் எழுதாதவன் நான். இதை ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. ஆறுதலாக எதையாவது எழுத முடியுமா என்று நான்கு நாளாகப் பார்க்கிறேன். முடியவில்லை.

அவருடைய நாடகப் பிரதி இப்போது என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எதிரே நடித்தவர்களின் பெயர்கள், போகப் போக வெட்டப்பட்டவை. பெரியப்பாவுக்கு எதிரே தன் பெயரையும் அவரே வெட்டியிருக்கிறார். ஓரத்தில் நீக்கற்குறி. பத்திரிகையில் என் பிழைகளுக்குப் போட்ட அதே குறி.

செத்தவீட்டில் மாதுளா என் பக்கத்தில் வந்து இருந்தாள். "விசாவுக்குப் போட்டிருக்கிறன். அங்கிளுக்கு முதலே சொல்லவேணும் எண்டு இருந்தனான்," என்றாள். புறப்படுமுன் இதைச் சொன்ன முதல் ஆள் அவள்தான். அதைக் கேட்க வேண்டியவர் இல்லை.

எஞ்சியிருப்பவர்கள் ஏழு பேர். அடுத்த மாதக் கடைசிச் சனிக்கிழமைக்கு மண்டபம் இன்னும் அரியத்தின் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. வேண்டுமா வேண்டாமா என்று வரும் ஞாயிறு ஒத்திகைக்குப் பின் சொல்வதாகப் பொறுப்பாளரிடம் கூறியிருக்கிறேன். மாதுளாவின் விசா முடிவு அதற்கடுத்த வெள்ளிக்கிழமை.