சம்மதம் தேவைப்படாத அப்பா

என் மகளின் பிறப்புச் சான்றிதழில் அப்பா என்ற இடத்தில் வேறொருவர் பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி எழுத வைத்தவன் நானேதான். என்னை யாரும் ஏமாற்றவில்லை. அந்தச் சிரமத்தை நான் யாருக்கும் வைப்பதில்லை.

முதல் இரண்டு குழந்தைகளும் ஒரு வயதைத் தாண்டவில்லை. மூன்றாவதாக இவள் பிறந்ததும், எங்கள் பக்கத்து வழக்கப்படி மலைமேல் தூக்கிப்போய் முருகன் சந்நிதியில் கிடத்தி, "இது உன் பிள்ளை" என்று விட்டோம். என் மனைவியின் அக்காவும் அவர் கணவரும் ஒரு முறம் தவிடு கொடுத்து அவளை வாங்கிக்கொண்டார்கள். வேறு ஆளின் பிள்ளை என்றால் எமன் கண்டுகொள்ள மாட்டான் என்று நம்பிக்கை. அன்று மாலையே குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டு அவர்கள் அரக்கோணம் போய்விட்டார்கள்.

மற்றவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் அலமாரி நிறைய நாத்திகம் படித்தவன், நிறுத்தவில்லை. எமன் பிறப்புப் பதிவேட்டையும் புரட்டிப் பார்த்தால்? பதியப் போனபோது அப்பா, அம்மா இரண்டு இடத்திலும் வாங்கியவர்கள் பெயரையே சொன்னேன். பள்ளியில் சேர்க்கும்போது அந்தச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. பெட்டியில் கிடந்தது, மறந்தே போனேன்.

அவளுக்கு ஒன்பது வயதானபோது என் மனைவி மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். எனக்குக் குழம்பு வைக்கத் தெரியாது, தலை பின்னத் தெரியாது. அக்காவோ, குவைத்தில் வேலையாக இருந்த கணவரிடம் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"நான் கூட்டிகினு போறேன் தம்பி. ரெண்டு வருஷம் அங்க படிக்கட்டும். என் பாஸ்போர்ட்டுலயே சேத்துக்கலாமாம். அப்பன் சம்மதம்னு ஒரு பேப்பர் மட்டும் எழுதிக் குடு."

எழுது என்றால் போதும் எனக்கு. ஒரு வாரம் உட்கார்ந்து ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதினேன். அதில் முக்கியமானது ஒரே ஒரு பத்தி: இரண்டு வருடம் முடிந்ததும் குழந்தையை என்னிடம் கொண்டுவந்து விடவேண்டும். வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். பத்திரத்தில் இருந்தால் சட்டம் கேட்கிற மாதிரி இருக்கும்.

தாலுகா ஆபீஸ் எதிரே டைப் அடிப்பவரிடம் மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். பெட்டியிலிருந்து எடுத்துப்போயிருந்த பிறப்புச் சான்றிதழை அவர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரு சார் இதுக்கு?"

"அப்பா."

"அப்பா பேரு வேறல்ல போட்டுகீது. பாப்பா, இவரு யாரும்மா?"

"எங்க நைனா" என்றாள் மகள்.

"ஆங். அது எனக்குத் தெரியுது. பேப்பருக்குத் தெரியலையே."

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்திருந்தால் தேவலை.

"அந்தம்மா பேரே அம்மான்னு கீது சார். அவங்க பாட்டுக்குக் கூட்டிகினு போலாம். உங்க சம்மதம் யாருக்கும் தேவையில்ல."

"மாத்த முடியாதா?"

"கோர்ட்டுக்குப் போவணும். ஒரு வருஷம் ஆவும். அவங்க அடுத்த மாசம் போறாங்கன்றீங்க."

மூன்று பக்கத்தையும் மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். வழக்குப் போட்டிருந்தால் அவள் என்னுடனேயே இருந்திருப்பாள், என் சமையலைத் தின்றுகொண்டு. போடவில்லை. அது பெருந்தன்மையா சோம்பலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கூச்சத்தை விட்டு, "ரெண்டு வருஷம்க்கா" என்றேன்.

"நான் என்ன வேத்தாளா தம்பி?" என்றார் அக்கா. மகள் அவருடைய கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெரிய மனுஷியாக உள்ளே போனாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றிருந்தேன். பை கனம் போலிருக்கிறது.

இரண்டு வருடம் மூன்றாகி, நான்கானது. நல்ல பள்ளி, நடுவில் நிறுத்தவேண்டாம் என்று எழுதினார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. தவறு இருந்திருந்தால் கோபமாவது பட்டிருப்பேன். பிறகு மகளிடமிருந்து வந்த ஒரு கடிதம் "அன்புள்ள சித்தப்பாவுக்கு" என்று தொடங்கியது. பள்ளியில் ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்லக் கஷ்டமாக இருப்பதால் வீட்டிலும் இப்படியே பழகிவிட்டது, கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று அடுத்த வரியிலேயே காரணமும் எழுதியிருந்தாள்.

அந்தக் கடிதத்தை டைப் அடிப்பவரிடம் எடுத்துப்போய்க் காட்டினேன். ஊரில் அவர் ஒருவரிடம்தான் முழுக்கதையையும் சொல்லியிருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை நிதானமாகப் படித்தார்.

"கையெழுத்து உங்களுது மாதிரி இல்ல சார்" என்றார். "நல்லா கீது."