சிறுமலைச் சின்னானும் ஒரு தூக்குப் புளியோதரையும்

போன ஞாயிறு காலை, சிறுமலை அடிவாரத்தில் என் மனைவி கலா எங்கள் மூன்று பேர் வாய்க்கும் பூட்டுப் போட்டாள். எனக்கு, என் கூட்டாளிகள் உசிலம்பட்டிப் பாண்டிக்கு, ஜவுளிக்கடை துவாரகாவுக்கு.

"இன்னைக்கு யாராச்சும் வாயத் தொறந்தீங்க... அப்புறம் நடக்குறதே வேற!"

காரணம் இருக்கிறது. கலாவுக்குப் பறவைப் பைத்தியம். மஞ்சள்தொண்டைச் சின்னான் என்று ஒன்று உண்டு. நம் கொண்டைக்குருவிக்குச் சொந்தம்தான், கொண்டை மட்டும் கிடையாது. தென்னிந்தியப் பாறை மலைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லையாம். இத்தனை பக்கத்தில், இந்தச் சிறுமலையிலேயே இருந்தும் இவள் பார்த்ததே இல்லை. அடுத்த வாரம் மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்புகிறாள். வர ஆறு மாதம் ஆகும்.

பார்க்காததற்கு யார் காரணம்? நாங்கள்தான்! மதுரைக்காரன் பேசாமல் மலை ஏறுவானா? முன்னால் போகிறவன் "மாப்ள, இங்கிட்டு வாடா!" என்பான். பின்னால் நிற்பவன் "வாரேன், இரு!" என்பான். நடுவில் இருக்கும் பறவை கிளம்பிவிடும்.

அன்றும் அதே கதை. பாறையிடுக்கில் ஓர் இச்சி மரம், கிளையெல்லாம் பழம். கலா பைனாகுலரைத் தூக்கினாள். பாண்டி மெதுவாகத்தான் கேட்டார்... அவர் மெதுவாகப் பேசினாலே வாடிப்பட்டி வரை கேட்கும்.

"தங்கச்சி, அம்புட்டுத் தூரத்துல இருக்க குருவிக்கு நாம பேசுறதா கேக்கப் போகுது?"

கிளை அசைந்தது. ஏதோ ஒன்று பறந்து போனது.

கலா திட்டியிருந்தால்கூடத் தேவலை. பைனாகுலரை உறையில் போட்டு மூடினாள். எனக்குத் தாங்கவில்லை.

"சாப்ட்டுட்டு எறங்குவோம் பாண்டியண்ணே," என்று துவாரகா தூக்குச்சட்டியைத் திறந்தார். சௌராஷ்டிர வீட்டுப் புளியோதரை! பாறையில் உட்கார்ந்தோம். ஒரு வாய்... இன்னொரு வாய்... அதைத் தின்றுகொண்டே பேச முடியுமா என்ன? மலை அமைதியாகிவிட்டது.

கலா என் முழங்கையை அழுத்தினாள். இச்சி மரத்துக்கு அது திரும்பி வந்திருந்தது. மஞ்சள் தலை, மஞ்சள் தொண்டை, சாம்பல் வயிறு. ஒரு பழத்தைக் கொத்தி விழுங்கியது — பிறகு இன்னொன்று. எங்கள் கன்னம் நிறையச் சோறு. பாண்டி மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டார்.

கலா கண்ணில் தண்ணீர். எனக்கும்தான்... மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நேற்று பெட்டி கட்டும்போது பார்க்கிறேன், சேலைகளுக்கு நடுவே துவாரகா வீட்டுப் புளிக்காய்ச்சல் பாட்டில்.

"இது எதுக்கு?" என்றேன்.

"அங்கயும் பறவை பாக்கணும்ல? மாப்பிள்ளையும் மதுரைதானே!"