மேல்துறையும் கீழ்த்துறையும்

எழுபதுகளின் நடுவில் எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி அலைகிறேன் என்று சித்தூரில் வீட்டில் திட்டுவார்கள். எல்லாம் டாக்டர் பட்டத்துக்காக. கூடப் படித்தவர்கள் வாங்கிவிட்டார்கள். நான் மட்டும் கல்லூரியில் தவளை அறுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆராய்ச்சிக்கு நான் பிடித்தது மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஓடை. மாதம் ஒரு சனிக்கிழமை பொள்ளாச்சி, உடுமலை என்று பஸ் மாறி மாறிப் போவேன். பையில் ஸ்பிரிட் ஊற்றிய சீசாக்கள் இருக்கும். செக்போஸ்டில் ஒருமுறை காவலர் ஒரு சீசாவை மோந்து பார்த்துவிட்டு, "சித்தூரா? அப்பச் சரிதான்" என்றார். கள்ளுக்குப் பேர்போன ஊராயிற்றே. உள்ளே மிதந்த பூச்சிகளைக் காட்டியபிறகுதான் விட்டார்.

அந்தப் பூச்சிகள்தான் என் ஆராய்ச்சி. ஓடையின் நடுவில் ஒரு பாறை. மழைக்காலத்தில் தேயிலையில் வரும் கொப்புள நோய்க்குத் தாமிர மருந்து அடிக்கிறவர்கள் பம்புகளை அங்கேதான் கழுவுவார்கள். தண்ணீர் வரும் பக்கம், பாறைக்கு மேலே இருந்த இடத்தை மேல்துறை என்றும், கீழே இருந்ததைக் கீழ்த்துறை என்றும் நோட்டில் எழுதிக்கொண்டேன். இரண்டிலும் ஒரு சதுரக் கம்பிச் சட்டத்தைத் தண்ணீருக்குள் வைத்து, அதற்குள் அகப்பட்ட கற்களைத் தேய்த்துக் கழுவி, வலையில் விழும் பூச்சிக்குஞ்சுகளை எண்ணுவேன். நல்ல தண்ணீரில் மட்டுமே வாழ்கிறவை அவை. இரண்டாம் மாதமே விஷயம் தெரிந்துவிட்டது. மேல்துறையில் கல்லைப் புரட்டினால் மொய்த்துக் கிடந்தன. கீழ்த்துறையில் ஒன்றுமில்லை, வெறும் கல்.

எனக்கு ஒரே சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று பஸ்ஸில் விசில் அடித்துக்கொண்டே வந்தேன்.

தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பெண்கள் குடிக்கத் தண்ணீர் எடுத்தது கீழ்த்துறையில்தான். அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வருஷக் கணக்கு முழுதாக வேண்டும். வாயைத் திறந்தால் பம்பு கழுவும் இடத்தை மாற்றிவிடுவார்கள், என் ஆராய்ச்சி அந்தரத்தில் நிற்கும். அந்த மருந்து மனிதர்களை என்ன செய்யும் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. அந்தத் தெரியாமையையே சாக்காக வைத்துக்கொண்டேன். சாக்கு வாயைத்தான் அடைத்தது. வகுப்பில் பாதிப் பாடத்தில் நின்றுவிடுவேன். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேன் என்றாள் மனைவி. ஓடையில் குடம் மூழ்கும் சத்தம் கேட்டால் எண்ணிக்கை தப்பும். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன்.

ஆறாம் மாதம் போனபோது மேல்துறை பாழாகிக் கிடந்தது. என் கற்களையெல்லாம் பெயர்த்து அணை மாதிரி அடுக்கி, குடம் முக்கத் தோதாகக் குழியும் பறித்திருந்தார்கள். கொழுந்து கிள்ளும் பெண் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், இடுப்பில் குடத்தோடு நின்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏனுங்க, யாருங்க இந்தக் கல்லையெல்லாம் எடுத்தது? ஆறு மாச வேலைங்க!"

"நாங்கதான் சார் எடுத்தோம். குடம் முங்க மாட்டேங்கு."

"கீழதான எடுத்துட்டிருந்தீங்க? இத்தன மேடு ஏறி இங்க எதுக்குங்க வந்தீங்க?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நீங்க கீழ எம்புட்டு நேரம் நின்னாலும், தாகத்துக்கு இங்க ஏறி வந்துதான சார் குடிக்கீக? படிச்சவுக காரணமில்லாமலா செய்வாக? பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்."

நான் அப்படிச் செய்துகொண்டிருந்தது அவள் சொல்லும்வரை எனக்கே உறைக்கவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நேராக சூப்பர்வைசரிடம் போய், பம்பு கழுவுகிற தண்ணீர் லயத்துக் குடிதண்ணீரில் கலக்கிறது, இடத்தை மாற்றுங்கள் என்றேன்.

"இம்புட்டுத்தானா சார்? மொதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பமே" என்றார். சாயங்காலத்துக்குள் ஓடையை விட்டுத் தள்ளி ஒரு குழி வெட்டிவிட்டார்கள். பம்புகள் அங்கே போய்விட்டன.

திரும்பும் வழியில் அவளிடம் சொன்னேன். கொஞ்ச நாள் கழித்துக் கீழேயே எடுக்கலாம், மருந்து இனிமேல் கலக்காது என்று.

"மருந்தா கலந்துச்சு? இது ஒங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சது?"

"இன்னைக்குத்தாங்க" என்றேன்.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "தெரிஞ்ச ஒடனே போய்ச் சொல்லிட்டீகளே. நீங்களும் ஒங்க புள்ளைகளும் நல்லாருக்கணும் சார்" என்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.