கம்பளம் துவைத்தவர்

தைமி பாட்டு எழுதுவாள். பாடமாட்டாள், ஆடவும் மாட்டாள். வாரம் ஐந்து நாள் நூலக வண்டி ஓட்டுவாள். ஞாயிறு மதியம் ஏரிக்கரை நடன மண்டபத்தில் எங்கள் மூவர் கச்சேரி என்றால், மூன்றாம் பெஞ்சில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்துவிடுவாள். அவளுடைய பாட்டைப் பாடகன் யோர்மா எடுத்ததும் அவள் உதடும் கூடவே அசையும். அவன் ஒரு சொல்லை விழுங்கினால் போதும், கோப்பை ணங்கென்று தட்டில் இறங்கும். அறுபது பேர் ஆடும் இடத்தில் யோர்மா பயப்படுவது அந்தச் சத்தத்துக்கு மட்டும்தான். அக்கார்டியன் வாசிக்கும் எனக்கு அது வேடிக்கை.

ஊர் விரும்பிக் கேட்பது, பதினாறு வருஷத்துக்கு முன் அவள் எழுதிய டாங்கோ ஒன்றை. காலையில் ஏரித்துறையில் ஒருவர் தனியாகப் பச்சைக் கம்பளம் துவைக்கிறார். எதிர்க்கரையில் நின்று பார்க்கும் நெஞ்சுக்குப் படகை அவிழ்க்கத் துணிவில்லை. அவ்வளவுதான் பாட்டு. ஒருவர் என்று நான் மழுப்பவில்லை. எங்கள் ஃபின்னிஷ் மொழியில் அவனுக்கும் அவளுக்கும் சேர்த்து 'ஹன்' என்று ஒரே சொல்தான். பாடுகிறவன் ஆண், துவைப்பதோ கம்பளம். அப்புறம் என்ன, ஹன் பெண்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அது தான்தான் என்று ரொட்டிக்கடை அம்மாள் இன்றுவரை நம்புகிறாள்.

உண்மையில் அது தச்சன் என்சியோ. கையெழுத்துத் தாளில் தைமி அவன் பெயரை எழுதி அடித்திருந்ததை நான் ஒருமுறை பார்த்துவிட்டேன். மனைவி இறந்த கோடையில், அவள் நெய்த கம்பளத்தைத் தானே துறைக்குத் தூக்கிப்போய்த் துவைத்தவன் அவன். அந்தப் பாட்டுக்கு ஊரிலுள்ள பெண்களோடெல்லாம் ஆடியும் இருக்கிறான், மடையன்.

இந்த ஆகஸ்டில் வீட்டை விற்றுவிட்டு, ஸ்வீடனிலுள்ள மகள் வீட்டுக்கே போய்விடக் கிளம்பினான். அவன் மண்டபத்துக்கு வரும் கடைசி ஞாயிறு அது. இடைவேளையில் நான் தைமியிடம் போனேன்.

"வியாழக்கிழமை கப்பல் ஏறுறான்."

"தெரியும்."

"சொல்லிடேன்."

"பதினாறு வருஷமா மைக் வச்சுச் சொல்லிட்டிருக்கேன். இதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

எனக்குக் கோபமாக வந்தது. அவள் மேல் பாதி, அவன் மேல் பாதி.

மேடையோரம் 'இப்போது பெண்கள் ஆட அழைக்கலாம்' என்ற பலகையில் விளக்கு எரிந்தது. தைமி கோப்பையை பெஞ்சில் வைத்தாள். எழுந்து நேராகப் போய் என்சியோ முன் நின்றாள். அவன் தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

இங்கே ஒரு அழைப்புக்கு இரண்டு பாட்டு. முடிந்ததும் ஆண் அவளை இடத்தில் கொண்டுவிட்டு நன்றி சொல்லிப் போகவேண்டும். முதல் பாட்டில் இருவரும் வாயே திறக்கவில்லை. ஆடும்போது யாரும் பேசுவதில்லை, அது ஒரு மரியாதை. இரண்டாவதாக நான் கம்பளப் பாட்டைத் தொடங்கினேன். மேடைக்குப் பக்கத்தில் வந்தபோது தைமி சொன்னாள்:

"ஹன் பொண்ணு இல்ல."

"யாரு?"

"துவைக்கிறது. பொண்ணு இல்ல."

என்சியோ கால் பிசகினான். அப்புறம் ஒழுங்காக ஆடினான், ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்தது. மற்ற ஜோடிகள் கலைந்தார்கள். அவன் அவள் கையை விடாமல் மேடையடியிலேயே நின்றான்.

"கம்பளம் பச்சை இல்ல, தைமி. நீலம்."

"நீலம் மெட்டுல உக்காரல."

"சவுக்காரத்த ஏரியில விட்டுட்டுத் துழாவினேன். அதையும் பாத்தியா?"

"பாத்தேன்."

"உங்கிட்ட படகு இருந்துச்சே."

"இருந்துச்சு."

"வியாழக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு" என்றான்.

யோர்மா அடுத்த பாட்டின் தாளைத் தேடிக்கொண்டிருந்தான். முறைப்படி இரண்டுதான். நான் யாரையும் கேட்கவில்லை, அதே பாட்டை முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். யோர்மா என்னை முறைத்தான், கீழே நின்ற இருவரையும் பார்த்தான், பாடினான். பச்சை வரவேண்டிய இடத்தில் நீலம் என்று பாடினான். மெட்டில் உட்காரவில்லைதான். மூன்றாம் பெஞ்சில் கோப்பை மட்டும் இருந்தது.