இவருக்குப் பதில் இனி இவர்

சீரியலில் ஒரு நடிகர் பாதியில் விலகிவிட்டால், புது ஆள் வாசலில் நுழையும்போது காட்சி அப்படியே உறைந்து நிற்கும். கீழே "இவருக்குப் பதில் இனி இவர்" என்று எழுத்து வரும். அவ்வளவுதான். கட்டின பெண்டாட்டிக்குச் சந்தேகம் வராது, பெற்ற தாய்க்கு வராது. நேற்றுவரை பார்த்திராத ஒரு முகத்துக்கு அந்த வீட்டில் காபி கலந்து கொடுப்பார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

ஏழரை மணி சீரியலின் சப் இன்ஸ்பெக்டர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். லஞ்சம் வாங்க மாட்டார், அதட்டாமலே ரவுடியை உட்கார வைப்பார். அவரையும் ஒருநாள் மாற்றினார்கள். அன்றோடு அந்த சீரியலைத் தலைமுழுகினேன். அம்மாவுக்குப் போன் போட்டுப் புலம்பினால், மூஞ்சி மாறினால் என்ன, புதுசாக வந்தவரும் பாவம் நன்றாகத்தான் நடிக்கிறார் என்றாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம் என்பாள் அம்மா. அப்படியெல்லாம் இல்லை, அது அப்பா வாங்கித் தந்தது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும் காமிக்ஸ்களில் துப்பறியும் கதையாகப் பார்த்து எடுத்து வருவார். அதில் தொப்பியைக் கழற்றவே கழற்றாத ஒருவர் எங்கள் இரண்டு பேருக்கும் உயிர். துப்பாக்கியைத் தொட மாட்டார். ஒருவன் எதைப் பார்க்கிறான் என்பதை விட்டுவிட்டு, எதைப் பார்க்காமல் இருக்கிறான் என்று கவனிப்பார். பிணம் கிடக்கிற அறையில் பிணத்தின் பக்கம் திரும்பாதவன் எவனோ அவன் மாட்டினான். கடலூரில் வண்டி இன்சூரன்ஸ் க்ளெய்ம்களைச் சரிபார்க்கும் எனக்கு இன்றைக்கும் சோறு போடுவது அந்தத் தொப்பிக்காரர்தான். நசுங்கிய பம்பருக்காக அழுகிறவர் அந்த பம்பரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காவிட்டால் நான் விட மாட்டேன்.

அப்பா இறந்தபிறகு அம்மா சிதம்பரத்தில் தனியாக இருந்தாள். கடலூருக்கு வந்துவிடு என்றால் கேட்க மாட்டாள். ஒருநாள் போனில், கத்திரிக்காய் விலையைச் சொல்கிற அதே குரலில், பக்கத்து வீட்டு மாடியில் இருப்பவரைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாள். நெல்லிக்குப்பத்துக்காரர். கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. பெங்களூரில் இருக்கும் மகன் சரி என்றுவிட்டானாம். திருவந்திபுரத்தில் கோயிலோடு முடித்துக்கொள்ளலாமாம்.

எப்படிப் பழக்கம் என்று கேட்டேன். அவரும் அந்த ஏழரை மணி சீரியலை விடாமல் பார்க்கிறவராம். அவர் வீட்டு டி.வி. ரிப்பேர் ஆனதிலிருந்து தினமும் இங்கே வந்து பார்க்கிறாராம். கரண்ட் ஆபீஸ்காரர் வீட்டில் டி.வி. ரிப்பேர் ஆகி, மாதக் கணக்கில் சரியாகாமலே இருக்கிறதாம். யாரிடம் காது குத்துகிறார்கள்?

நான் கத்தியதையெல்லாம் கேட்டுவிட்டு அம்மா ஒன்றுதான் சொன்னாள்.

"நீ வந்து பக்கத்துல நின்னாதான் கழுத்த நீட்டுவேன். உனக்கு வேணாம்னா எனக்கும் வேணாம். ஆனா ஒரு தடவ ஆள வந்து பாத்துட்டு வேணாம்னு சொல்லு."

ஒரு வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டு பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர்கள் வர வர எனக்குள் கேள்விகள் வரிசை கட்டின. அந்த வீடு அம்மா பெயரில் இருப்பது இவருக்குத் தெரியுமா? பென்ஷன் வருகிறவருக்குச் சமைத்துப் போட ஆள் வேண்டுமா? இல்லை, படுத்துவிட்டால் பார்த்துக்கொள்ளவா? சிதம்பரத்தில் இறங்கும்போது ஆளை மனதுக்குள் ஜெயிலிலேயே போட்டுவிட்டேன்.

ஏழேகாலுக்கு வந்தார். ஒல்லியான ஆள், சலவைச் சட்டை. என்னைப் பார்த்ததும் உள்ளே வருகிறவர் மாதிரியும் திரும்பிப் போகிறவர் மாதிரியும் நின்றார். எனக்கென்று பழைய காமிக்ஸ் ஒன்றை பேப்பர் கடையில் தேடி எடுத்து வந்திருந்தார். லஞ்சம் என்று அந்த நிமிடமே முடிவு கட்டினேன். வாங்கிப் பார்த்தால் கடைசிப் பக்கத்தைக் காணோம். துப்பறியும் கதையைக் கடைசிப் பக்கம் இல்லாமல் வாங்கி வருகிறவர் எந்த லட்சணத்தில் கதை பார்ப்பார்? மாமா என்று கூப்பிடச் சொல்லி அம்மா கண்ணைக் காட்டினாள். நான் "தேங்க்ஸ் சார்" என்றேன்.

சீரியல் ஆரம்பித்தது. அம்மா சோபாவில், அவர் பக்கத்து நாற்காலியில், நான் இருவரையும் பார்க்கத் தோதாகச் சுவரோரம். சப் இன்ஸ்பெக்டர் வந்தார், அதாவது அந்தப் புது ஆள். அம்மா உடனே பேச ஆரம்பித்தாள். இவன் ஏன் அங்கே போகிறான், அவள் ஏன் அழுகிறாள், நேற்று என்ன ஆனது, நாளைக்கு என்ன ஆகும், எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். டி.வி. பக்கம் தலையே திரும்பவில்லை. எனக்குள் இருந்த தொப்பிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

விளம்பரம் வந்ததும் மெதுவாகக் கேட்டேன், பழைய இன்ஸ்பெக்டர் நன்றாக நடித்தாரா, இவர் நன்றாக நடிக்கிறாரா என்று.

அவர் திருதிருவென்று விழித்தார். "ஆள மாத்திட்டாங்களா?"

மாட்டிக்கொண்டார்! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இத்தனை மாதமாக சீரியல் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவருக்கு ஹீரோ மாறியதே தெரியவில்லை. அப்படியானால் இந்த வீட்டுக்கு எதற்காக வருகிறீர்கள் என்று நேரடியாகவே கேட்டேன். குரல் உயர்ந்துதான் இருந்தது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவுங்க கதை சொல்லுவாங்கம்மா. அதான் வர்றேன். எங்க வீட்டு டி.வி. நல்லாத்தான் ஓடுது."

அம்மா பொய்யில் பிடிபட்டவள் மாதிரியே இல்லை.

"எனக்குத் தெரியும்டி. ஆளு டி.வி.யப் பாக்கலன்னு வந்த மறுநாளே தெரியும்," என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னாள்: "உங்க அப்பா தங்கமான மனுஷன். ஒரு குறையும் வெக்கல. ஆனா நான் வாயத் தொறந்தா ரிமோட்ட எடுத்து சவுண்ட ஏத்துவாரு. நீ அவரு பக்கத்துல உக்காந்திருப்ப."

எனக்குச் சுருக்கென்றது. அப்பா சத்தத்தைக் கூட்டுவது என் காதில் இன்னும் இருக்கிறது. அந்த நேரத்தில் அம்மா என்ன சொல்ல வந்தாள் என்பது ஒன்றுகூட நினைவில் இல்லை. செத்துப்போன அப்பாவைக் குறை சொல்கிறாளே என்று கோபம் வந்தது. அப்பா எங்கேயும் போய்விடவில்லை, அவருக்குப் பதில் யாரும் வர முடியாது என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அம்மா அப்படி ஒன்றும் கேட்கவில்லையே.

விளம்பரம் முடிந்தது. இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார். அம்மா பேசவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரிமோட் டீப்பாயில் கிடந்தது. நான் அதை எடுத்ததும் அவள் கண் என் கைக்குப் போனது. வழக்கம் போலத்தான் நடக்கும் என்று நினைத்திருப்பாள். நான் சத்தத்தை மொத்தமாகக் குறைத்தேன்.

"அப்புறம் என்னாச்சு?" என்றேன்.

இப்போது சந்தேகம் அம்மாவுக்கு வந்துவிட்டது. "நீதான் பாக்கறதே இல்லையே. எதுக்குடி கேக்குற?"

"திருவந்திபுரத்துல வந்து பக்கத்துல நிக்கணும்ல. கதை தெரியாம எப்படி நிக்கறது?"

அவர் அவசரமாக மறுபடி முகத்தைத் துடைத்தார். டி.வி.யில் அந்தப் புது ஆள் சத்தமில்லாமல் யாரையோ துரத்திக்கொண்டிருந்தார். அம்மா கால்களை மடித்து சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். முதல் எபிசோடிலிருந்து ஆரம்பித்தாள்.