அத்தை ஒதுங்கி நின்ற இடம்

எண்பதுகளின் தொடக்கம். கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு ஒன்றில் குடியிருந்தோம். கொழும்பில் சித்தி வீட்டில் தங்கி கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதப் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் ஊர் திரும்பியிருந்தேன். ஒரு சனிக்கிழமை தந்தி வந்தது. செவ்வாய்க்கிழமை கொழும்பில் நேர்முகப் பரீட்சை! துள்ளிக் குதித்தேன். ஆனால் படித்ததில் பாதி மறந்திருந்தது. இதுவும் கைநழுவினால் நானும் கொழுந்து பறிக்கத்தான் போக வேண்டும்.

ஞாயிறன்று கொட்டும் மழை. கலைந்து கிடக்கும் எண்களைக் கம்ப்யூட்டர் எப்படி வரிசைப்படுத்தும் என்று எழுதி எழுதிப் பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. சட்டென்று ஒரு யோசனை. லயத்து ஆட்களையே எண்களாக்கினால் என்ன? எல்லாரையும் கூப்பிட்டு, வீடுகளுக்கு முன்னால் நீளும் இஸ்தோப்பில் நிற்க வைத்தேன்.

"ஞாயித்துக்கெழமையும் பெரட்டா புள்ள?" என்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பதைச் சொல்லிக் கேலி செய்துகொண்டே நின்றார்கள்.

விதி எளிது. பின்னால் நிற்பவரைவிட உயரமாக இருந்தால் அவரோடு இடம் மாற வேண்டும். குறுகிய இஸ்தோப்பில் இடித்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் மாறினார்கள். பக்கத்து வீட்டு அத்தையும் அவருடைய மருமகனும் மாற வேண்டி வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது.

"மருமகப்புள்ளைய உரசிக்கிட்டு நான் எப்படிம்மா போறது?" என்றார் அத்தை. மருமகன் கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தை சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் வாசலில் இறங்கி நின்றார். "இப்ப அவங்கள வரச் சொல்லு." மருமகன் அத்தையின் இடத்துக்கு வந்தார். அத்தை மேலே ஏறி மருமகன் நின்ற இடத்துக்குப் போனார். லயமே சிரித்தது.

செவ்வாய்க்கிழமை அதே கேள்விதான் வந்தது! கரும்பலகையில் கடகடவென்று எழுதினேன். அதிகாரி ஒருவர் ஓர் இடத்தைக் காட்டி, "இப்படிப் போட்டால் ரெண்டு எண்ணும் இடம் மாறுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். திரும்பிப் பார்த்தேன். எண்களை வைக்க வரைந்த பெட்டிகளில், முதல் பெட்டிக்குள் இரண்டாவது எண்ணை நேராகப் போட்டிருந்தேன். முதலில் இருந்த எண் அழிந்தே போகும். அத்தை நிற்கும்போதே மருமகனை அவர் மேல் தள்ளிவிட்டிருக்கிறேன்!

என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன். மூன்றாவதாக ஒரு வெறும் பெட்டியை வரைந்து, முதல் எண்ணை அதில் இறக்கி வைத்தேன். ஏன் சிரித்தாய் என்று கேட்டார்கள். தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் அத்தை கதையைச் சொன்னேன். அவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வேலை கிடைத்துவிட்டது! ஊர் திரும்பியதும் ஓடிப்போய் அத்தையைக் கட்டிக்கொண்டேன். "நான் சும்மா ஒதுங்கித்தானே நின்னேன்?" என்றார் அவர்.

அதன் பிறகு எத்தனையோ புரோகிராம் எழுதிவிட்டேன். ஆனால் அந்த வெறும் பெட்டியைப் போடும்போதெல்லாம், எனக்காக மழையில் இறங்கி நின்ற அத்தைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.